உதட்டைக் கீறுவதா, ஸ்கேன் போதுமா? ஷோகிரன் நோயைக் கண்டறியும் வழிகள்

பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லை. இரவில் எழுந்து வாயை நனைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கண் உறுத்துகிறது, பல் வரிசையாகச் சொத்தையாகிறது. சர்க்கரை நோய் இல்லை என்று உறுதியான பிறகு ஒரு மருத்துவர் 'ஷோகிரன் நோயாக இருக்கலாம்' என்கிறார். அதோடு ஒரு கேள்வியும் வருகிறது: உதட்டின் உட்புறத்தில் சிறிது திசுவை வெட்டி ஆராயும் பயாப்சி எடுத்துவிடலாமா, அல்லது முதலில் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேனை முதலில் எடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் உதட்டைக் கீற வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரத்தத்தில் உள்ள ஆன்ட்டி-ரோ என்ற எதிர்பொருள்தான். இந்த வரிசையைக் குழப்பிக்கொள்ளும்போதுதான் தேவையில்லாதவருக்குக் கத்தியும், தேவைப்படுபவருக்கு வெறும் ஸ்கேனும் வாய்க்கின்றன.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளுக்குள் புகுந்து கூட்டம் போட்டு அவற்றைச் சிதைக்கின்றன. ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இப்படிப்பட்ட 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. இன்றும் நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நடுவயதினர். மூட்டு, நுரையீரல், நரம்பு, சிறுநீரகம் என்று வேறு இடங்களிலும் இது கைவைக்கும் என்பதால்தான் 'வாய் வறட்சிதானே' என்று விட்டுவிட முடிவதில்லை.

இந்த நோயை ஒரே பரிசோதனையில் சொல்லிவிட வழியில்லை. அதனால் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட பட்டியல்தான் இப்போது புழக்கத்தில் இருப்பது. ஆன்ட்டி-ரோ இருந்தால் 3 மதிப்பெண். உதட்டுப் பயாப்சியில் வெள்ளணுக் கூட்டங்களை எண்ணிச் சொல்லும் 'ஃபோக்கஸ் ஸ்கோர்' 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் 3. கண்ணின் இமையோரம் செருகும் ஷிர்மர் தாள் 5 நிமிடத்தில் 5 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக நனைந்தால் 1. கண்ணில் சாயம் விட்டுப் பார்க்கும் பரிசோதனையில் வறட்சிச் சேதம் போதிய அளவு தெரிந்தால் 1. வாயில் தானாக ஊறும் உமிழ்நீர் நிமிடத்துக்கு 0.1 மி.லி. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 1. கூட்டுத்தொகை 4 வந்துவிட்டால் ஷோகிரன்.

கூட்டிப் பாருங்கள். ஆன்ட்டி-ரோ இருப்பவருக்கு 3 கையில் இருக்கிறது. ஷிர்மர் தாளோ உமிழ்நீர் அளவோ இன்னொன்றைக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது, கத்திக்கு வேலையில்லை. ஆன்ட்டி-ரோ இல்லாதவருக்கோ கண்ணிலும் வாயிலுமாக மூன்று பரிசோதனைகளும் மோசமாக வந்தாலும் 3-ஐத் தாண்டாது. அவருக்குப் பயாப்சி இல்லாமல் 4 வரவே வராது. இந்தப் பட்டியல் ஆராய்ச்சிகளுக்கு நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பதற்காக உருவானது. மருத்துவர் தம் அனுபவத்தை வைத்து இதற்கு வெளியிலும் நோயை உறுதி செய்யலாம். ஆனாலும் எல்லோருடைய மனத்திலும் ஓடுவது இந்தக் கூட்டல்தான்.

அந்தப் பட்டியலில் ஸ்கேனுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அப்படியானால் அதை ஏன் எடுக்கிறார்கள்?

ஏனென்றால் 2016-க்குப் பிறகு ஸ்கேனைப் பற்றிய அறிவு வேகமாக வளர்ந்துவிட்டது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்து ஆய்வுக் குழு இதே பட்டியலில் ஸ்கேனை நுழைத்துப் பார்த்தது. கண் பரிசோதனைகளில் ஒன்றுக்கோ உமிழ்நீர் அளவீட்டுக்கோ பதிலாக ஸ்கேனை வைத்தால் பட்டியலின் திறன் குறையவில்லை. பயாப்சிக்கோ ஆன்ட்டி-ரோவுக்கோ பதிலாக வைத்தபோது, நோயாளிகளைத் தவறவிடுவது கணிசமாகக் கூடியது. என்னைக் கேட்டால் இந்த ஒப்பீட்டின் சாரமே இந்த முடிவில் இருக்கிறது. ஸ்கேன் சின்னப் பரிசோதனைகளின் இடத்தில் உட்காரலாம். பெரிய இரண்டின் இடத்தில் இன்னும் உட்கார முடியாது.

ஸ்கேன் அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. மல்லாந்து படுத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். காதுமடலுக்குக் கீழே ஜெல் தடவி, தைராய்டு பார்க்கப் பயன்படும் அதே தட்டையான ப்ரோபை வைப்பார்கள். காதடிச் சுரப்பியை நெடுக்காகவும் குறுக்காகவும் பார்த்துவிட்டு, தாடை எலும்பின் கீழ்ச் சுரப்பிக்கு இறங்குவார்கள். பிறகு மறுபக்கம். ஆக மொத்தம் நான்கு சுரப்பிகள். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை.

நல்ல சுரப்பி திரையில் ஒரே சீரான சாம்பல் நிறமாக, பக்கத்தில் உள்ள தைராய்டைப் போலவே தெரியும். ஷோகிரன் முற்றிய சுரப்பி கரையான் அரித்த பலகை மாதிரி இருக்கும்: வட்டமும் நீள்வட்டமுமாகக் கறுப்புப் பொட்டுகள், அவற்றுக்கு நடுவே வெள்ளைக் கீற்றுகள். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். இதைத் தரப்படுத்த 2019-இல் ஓமராக்ட் என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு 0 முதல் 3 வரை ஓர் அளவுகோல் கொடுத்தது. சீராக இருந்தால் 0. லேசான சீரின்மை மட்டும் இருந்து கறுப்புப் பொட்டு இல்லையென்றால் 1. ஆங்காங்கே பொட்டு தெரிந்தால் 2. சுரப்பி முழுக்கப் பரவிவிட்டால் 3. ஷோகிரன் என்று சந்தேகிக்க 2-லிருந்துதான் வலு. 1 என்ற தரத்தை வைத்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்; ஆரோக்கியமானவர்களிடமும் அது தென்படும்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பீடுகளில், நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதத்தினரை ஸ்கேன் பிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் சுமார் 90 சதவீதத்தினரைச் சரியாக 'இல்லை' என்கிறது. அதாவது, தெளிவாக மோசமாக இருக்கும் ஸ்கேனை நம்பலாம். இயல்பாக இருக்கும் ஸ்கேனை அந்த அளவுக்கு நம்ப முடியாது. நோயின் தொடக்கத்தில் வெள்ளணுக் கூட்டங்கள் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் அளவில் இருக்கும். ஒலி அலை அவற்றைப் பார்க்காது. 'ஸ்கேன் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று யாராவது சொன்னால், அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல், ப்ரோப் யார் கையில் இருக்கிறது என்பது. ஐரோப்பாவின் பல மருத்துவமனைகளில் வாதநோய் மருத்துவரே தம் அறையில் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, நோயாளியிடம் பேசிக்கொண்டே பார்த்துவிடுகிறார். இந்தியாவில் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தையும் அது இருக்கும் இடத்தையும் அதை இயக்கும் மருத்துவரையும் பதிவு செய்ய வேண்டும். காதடியை மட்டும் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி விலக்குக் கேட்க முடியாது. சட்டத்தின் நோக்கத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதன் ஒரு பக்கவிளைவாக, இங்கே இந்த ஸ்கேன் பெரும்பாலும் ரேடியாலஜி மருத்துவரிடம்தான் போகிறது. அவர் நாளெல்லாம் வயிறும் தைராய்டும் பார்ப்பவர். ஓமராக்ட் தரத்தை எல்லோரும் போடுவதில்லை. 'இரு காதடிச் சுரப்பிகளும் சற்றுப் பெருத்து, சீரற்றுக் காணப்படுகின்றன' என்ற ஒற்றை வரி அறிக்கையை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

ஆகவே பரிந்துரைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்: நான்கு சுரப்பிகளையும் தனித்தனியாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை தரம் போட வேண்டும், ஆகப் பெரிய கறுப்புப் பகுதியின் அளவு, கட்டி ஏதேனும் உண்டா, கழுத்து நிணநீர் முடிச்சுகள் எப்படி இருக்கின்றன என்பவையும் வேண்டும். இந்த இரண்டு வரி இருந்தால் அதே இயந்திரம், அதே மருத்துவர், அதே கட்டணத்தில் வேறு தரமான அறிக்கை கிடைக்கும்.

கரையான் அரித்த தோற்றம் ஷோகிரனுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. சார்காய்டோசிஸ், ஐஜிஜி4 நோய், எச்ஐவி, ஹெபடைடிஸ் சி ஆகியவையும் இதே போன்ற படத்தைத் தரலாம். ஐஜிஜி4 நோய் தாடைக்கீழ்ச் சுரப்பியைக் குறிவைப்பது அதிகம். எச்ஐவியில் காதடிச் சுரப்பியில் நீர்க்கட்டிகள் வரும். அடிக்கடி காதடி வீங்கும் சிறுவர்களின் ஸ்கேனும் அச்சு அசலாக ஷோகிரனைப் போலவே இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு வளர வளர அது தானாகவே சரியாகிவிடும். ஸ்கேன் மோசமாக வந்தவுடன் மருத்துவர் இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் கேட்டால், பணம் பிடுங்குகிறார் என்று நினைக்க வேண்டாம்.

இனி உதட்டுப் பயாப்சி. பெயரைக் கேட்டால் நடுங்குகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. கீழுதட்டை வெளிப்பக்கமாக மடக்கி, மரத்துப்போக ஊசி போட்டு, உட்புறத்தில் சிறிதாகக் கீறி, சளிப்படலத்தின் அடியில் இருக்கும் குட்டி உமிழ்நீர்ச் சுரப்பிகளில் நான்கைந்தை எடுக்கிறார்கள். ஓரிரு தையல், சில நாள் காரம், புளிப்பைத் தவிர்க்க வேண்டும். இதில் கிடைக்கும் தகவலை வேறு எந்தப் பரிசோதனையும் தராது. நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில், 50-க்கும் மேற்பட்ட லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டங்களை எண்ணுகிறார். 4 சதுர மி.மீ. பரப்பில் இப்படி எத்தனை கூட்டம் என்பதே ஃபோக்கஸ் ஸ்கோர்.

அதன் குறைகள் இரண்டு. முதலாவது, அறிக்கையின் தரம். திசு போதாமல் எடுத்தாலோ, 'நாள்பட்ட சுரப்பி அழற்சி' என்று மட்டும் எழுதி ஸ்கோரைச் சொல்லாமல் விட்டாலோ கீறியது வீண். வயதானவர்களிடம் சாதாரணத் தேய்மானத்தாலும் அப்படிப்பட்ட அழற்சி தெரியும். புகைபிடிப்பவர்களிடம் ஸ்கோர் குறைந்து, நோய் இல்லாதது போலக் காட்டக்கூடும். இரண்டாவது, நரம்பு. உதட்டில் சில வாரம் மரமரப்பு இருப்பது உண்டு. வெகு சிலருக்கு அது போகாமலேயே தங்கிவிடுகிறது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நாகஸ்வரம் வாசிப்பவருக்கோ புல்லாங்குழல் கலைஞருக்கோ கீழுதடுதான் பிழைப்பு. அவர்கள் இதை முன்கூட்டியே அறுவை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படியே.

குரோனிங்கனில் காதுமடலின் கீழே கீறிக் காதடிச் சுரப்பியிலிருந்தே திசு எடுக்கும் முறையையும் வளர்த்தெடுத்திருக்கிறார்கள். அதே சுரப்பியில் பிற்காலத்தில் மறுபடி எடுத்து ஒப்பிடலாம் என்பது அதன் பலம். ஆனால் முகநரம்பு ஓடும் இடம் அது. பழகிய கை வேண்டும்.

எல்லாப் பரிசோதனைகளிலும் மலிவானது, ஆனால் யாரும் சீந்தாதது, உமிழ்நீரை அளப்பது. காலையில், சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து நோயாளியை உட்கார வைக்க வேண்டும். வாயில் இருப்பதை ஒருமுறை விழுங்கிவிட்டு, தலையைக் குனிந்து, முன்னமே எடை பார்த்த ஒரு சிறிய குப்பியில் எச்சிலைத் தானாக வடிய விட வேண்டும். பேசக் கூடாது, மெல்லக் கூடாது. 15 நிமிடம் கழித்துக் குப்பியை மறுபடி எடை போட்டால் போதும். ஒரு கிராமை ஒரு மில்லிலிட்டராகக் கணக்கிடலாம். 1.5 மி.லி. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஒரு மதிப்பெண். இதற்கு ஒரு குப்பியும் தராசும் கடிகாரமும் போதும். ஆனால் கூட்டம் நிரம்பிய வெளிநோயாளிப் பிரிவில் ஒரு நாற்காலியைக் கால் மணி நேரம் ஒதுக்குவதுதான் பிரம்மப் பிரயத்தனமாக இருக்கிறது.

எச்சில் குறைந்திருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. மனச்சோர்வுக்கும் ஒவ்வாமைக்கும் அடங்காத சிறுநீர்ப் பைக்கும் தரும் மாத்திரைகளில் பல வாயை உலர்த்திவிடும். அங்கேதான் ஸ்கேன் கைகொடுக்கிறது. மருந்தால் வரும் வறட்சியில் சுரப்பி கெடுவதில்லை. ஸ்கேன் சீராகவே இருக்கும். எச்சில் அளவு மோசம், ஸ்கேன் அருமை, ஆன்ட்டி-ரோ இல்லை என்றால், உதட்டைத் தொடுவதற்கு முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பதே முறை.

மற்ற வழிகளுக்கு அதிக இடம் தேவையில்லை. டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி, எலுமிச்சைச் சாறு கொடுத்து, சுரப்பி எச்சிலை வெளியேற்றுவதைப் படமெடுக்கும் அணுமருத்துவ ஸ்கேனும், எச்சில் குழாயில் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கும் சயலோகிராபியும் 2002-ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தன. 2016-இல் இரண்டும் நீக்கப்பட்டுவிட்டன. இன்று யாராவது முதல் பரிசோதனையாக அவற்றை எழுதித் தந்தால் காரணம் கேளுங்கள். எம்ஆர்ஐ அழகான படம் தரும். செலவு அதிகம், நேரம் அதிகம், நோயை முதலில் கண்டறிவதில் அல்ட்ராசவுண்டை விடப் பெரிதாக ஒன்றும் கூட்டித் தராது. சுரப்பியில் கட்டி என்ற சந்தேகம் வந்தால் மட்டும் அதற்கு வேலை.

இரத்தப் பரிசோதனையைப் படிப்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. உடலையே தாக்கும் எதிர்பொருள்களைப் பொதுவாகத் தேடும் ஏஎன்ஏ பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வந்ததும் ஆன்ட்டி-ரோவும் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ஏஎன்ஏவைப் பார்க்கும் வழக்கமான முறையில் ரோ சில சமயம் நழுவிவிடும். அறிகுறிகள் வலுவாக இருந்தால் ரோவைத் தனியாகக் கேட்க வேண்டும். ஏஎன்ஏ புரொஃபைல் அறிக்கையில் ரோ-60, ரோ-52 என்று இரண்டு வரிகள் இருக்கும். ரோ-52 மட்டும் தனியாக வந்திருந்தால், தசை அழற்சி போன்ற வேறு நோய்களிலும் அது வரும் என்பதால், பயாப்சிக்கு நியாயம் உண்டு. ஆன்ட்டி-லா என்ற இன்னொரு எதிர்பொருள் மட்டும் இருந்தால் 2016 பட்டியல் அதற்கு மதிப்பெண் தருவதில்லை. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு இந்தப் பரிசோதனை வேறொரு காரணத்துக்காகவும் அவசியம். ஆன்ட்டி-ரோ நஞ்சுக்கொடி வழியாகக் கருவை அடைந்து, 100 கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் குழந்தையின் இதயத்தில் துடிப்பைக் கடத்தும் மின்பாதையைத் தடை செய்கிறது. ஸ்கேனும் பயாப்சியும் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்தச் செய்தியைச் சொல்லாது.

ஆக, யாருக்கு எது? ஆன்ட்டி-ரோ தெளிவாக இருந்து, கண்ணோ வாயோ வறண்டது அளவீட்டிலும் தெரிந்தால் பயாப்சி வேண்டாம். ஸ்கேன் மட்டும் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பின்னால் ஒப்பிட உதவும்.

ஆன்ட்டி-ரோ இல்லை, ஆனால் ஸ்கேனில் 2 அல்லது 3 என்றால் முதலில் ஷோகிரனைப் போலவே தெரியும் மற்ற நோய்களை விலக்கிவிட்டு, பயாப்சிக்கு ஒப்புக்கொள்ளுங்கள். ஸ்கேன் இவ்வளவு மோசமாக இருக்கும்போது கீறல் எதற்கு என்று சிலர் வாதாடுகிறார்கள். பல ஆண்டுகள் கண்காணிப்பு தேவைப்படும், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் தேவைப்படலாம் என்ற நிலையில், ஓரிரு தையலுக்குத் தயங்கி அரைகுறை உறுதியோடு நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆன்ட்டி-ரோவும் இல்லை, ஸ்கேனும் சீர், வறட்சியைத் தவிர வேறு தொல்லையும் இல்லையென்றால் பயாப்சியைத் தள்ளிப்போடலாம். அதே நபருக்குக் காரணம் புரியாத நரம்புப் பாதிப்போ நுரையீரல் தழும்போ வெள்ளணுக் குறைவோ இருந்தால் ஸ்கேன் சொல்வதைப் பொருட்படுத்தாமல் பயாப்சி எடுப்பதே சரி. தீர்மானிக்கக் கடினமான இடமும் இதுதான். ஒரே சந்திப்பில் முடிவெடுக்காமல் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறில்லை.

நோய் உறுதியான பிறகு ஸ்கேனின் வேலை மாறுகிறது. சுரப்பி தேறிவிட்டதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதில் பெரிய பலன் இல்லை. அரித்துப்போன சுரப்பி அநேகமாக அப்படியேதான் இருக்கும். புதிய மருந்துகளின் ஆய்வுகளில் படம் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள், அது வேறு விஷயம். நோயாளிக்கு ஸ்கேன் உண்மையில் தேவைப்படுவது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயைக் கவனிக்கத்தான். ஷோகிரன் நோயாளிகளில் ஏறக்குறைய 5 சதவீதத்தினருக்கு அது வருகிறது; பெரும்பாலும் காதடிச் சுரப்பியிலேயே. வந்து வந்து போகாமல் நிலையாக நிற்கும் காதடி வீக்கம், ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக வளர்வது, காலில் ஊதாப் புள்ளிகள், இரத்தத்தில் சி4 என்ற புரதம் குறைவது, காரணமில்லாத காய்ச்சல், எடை இழப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அந்த வாரமே ஸ்கேன் எடுக்க வேண்டும். சந்தேகப்படும்படியான கட்டி தெரிந்தால், அதே அல்ட்ராசவுண்டின் துணையோடு கட்டிக்குள் ஊசியைச் செலுத்தித் திசு எடுக்கலாம். அந்த நேரத்தில் உதட்டுப் பயாப்சி எதற்கும் உதவாது. கட்டி இருக்கும் இடத்திலிருந்து திசு வர வேண்டும்.

அதனால் முதல் ஸ்கேன் எடுக்கும்போதே அறிக்கைத் தாளோடு படங்களையும் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்கி, இரத்தப் பரிசோதனை முடிவுகள் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். அடுத்த முறை வேறு ஊரில் வேறு மருத்துவர் பார்த்தாலும், புதிதாக வந்தது எது, முன்பே இருந்தது எது என்று அவரால் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியும்.